ஒரு கப் பாதாமின் எடை

தராசோடு லிஃப்டில் ஏறியவன்

கூரியர் உறைகளை நிறுப்பதற்காக எங்கள் அலுவலக வரவேற்பறையில் ஒரு சின்ன மின்தராசு வைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமைக் காலையில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். தோள்பையில் ஒரு பொட்டலம் பாதாம், ஒரு பொட்டலம் அக்ரூட், அதாவது வால்நட். இரண்டுக்கும் நடுவே மைக்ரோவேவ் அடுப்போடு இலவசமாகக் கொடுக்கும் பிளாஸ்டிக் அளவுக் கப். அது எங்கள் டீம் லீடு தேஷ்பாண்டே தன் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பியது.

காவலாளி தராசைப் பார்த்துவிட்டு, "க்யா தோல்னா ஹை, சாப்?" என்று கேட்டார். என்ன நிறுக்கப் போகிறீர்கள் என்கிறார்.

"பாதாம்."

அவர் சிரிப்பதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. புனே நகரத்து மகர்பட்டாவின் கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றுக்குள், கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒருவன் பாதாம் நிறுக்கத் தராசு தூக்கிப் போகிறான். எனக்கே சிரிப்பு வரவேண்டிய காட்சிதான். வரவில்லை. அந்தக் காலையில் தராசு எந்தப் பக்கம் பேசினாலும் எனக்கு ஒரு இழப்பு காத்திருந்தது. ஒரு பக்கம் என் வேலை மேல் இருந்த மரியாதை. இன்னொரு பக்கம் கல்பனா.

பார்த்தே இராத கொட்டைகள்

புனேயில், ஹடப்சரில் அறை தேடி அலைந்த கதையை முன்பொருமுறை எழுதியிருந்தேன், அதைப் படித்த ஒரு வாசகர், "அறை கிடைத்தது சரி, அங்கே என்ன வேலை செய்தீர்கள், அதைச் சொல்லவே இல்லையே" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் அம்மாவும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வெளிநாட்டில் சமையல் குறிப்புகளுக்கென்று இணையதளம் நடத்தும் ஒரு கம்பெனிக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக் கொடுத்தோம். அந்த ஊர் அடுக்களைகளில் எல்லாவற்றையும் கப்பால் அளப்பார்களாம். வேறு ஊர்க்காரர்களுக்குக் கிராம் கணக்கில் சொன்னால்தான் புரியும். அதனால் ஒரு பக்கம் செய்திருந்தோம். கொட்டையின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அது முழுசா, பாதியா, நறுக்கியதா, சீவியதா, பொடித்ததா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை கப் என்று தட்டினால் எத்தனை கிராம் என்று அது சொல்லும். சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பவன் நான்.

பீக்கன், மக்கடாமியா, ஹேசல்நட், பைன்நட். நாள் முழுக்க இந்தப் பெயர்களோடு புழங்கினேன். ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அந்தப் பட்டியலில் எனக்குத் தின்று நன்றாகத் தெரிந்தவை இரண்டே: கல்யாணப் பாயசத்தில் தேடிப் பிடிக்கும் முந்திரி, அப்புறம் வேர்க்கடலை. எங்கள் திண்டிவனம் பக்கத்தில் அதற்கு மல்லாட்டை என்று பெயர்.

"இன்னா வேலடா அது?" என்றாள் அம்மா போனில்.

"கொட்டைய கப்புல அளந்தா எவ்ளோ கிராம் வரும்னு கம்ப்யூட்டர் சொல்லும்மா. சரியா சொல்லுதான்னு நான் பாக்கணும்."

"மல்லாட்டக் கொட்டையா?"

"அதுவும் இருக்குது."

"அத அளக்கறதுக்கா அம்மாந்தூரம் போன? இங்கியே அளந்திருக்கலாமேடா!"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பு கடைசியில் கொண்டுபோய் விட்ட இடத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை. போனை வைத்ததும் அறை, அவள் பேசுவதற்கு முன்னால் இருந்ததைவிட அமைதியாகிவிட்டது.

மதியம் ஒரு மணி

கல்பனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கட்கியில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து அந்தக் காலத்தில் வேலைக்கு வந்தவர். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. பேசுவாள், தமிழில் தொடங்கி, இந்தியில் திரும்பி, மராத்தியில் முடிப்பாள்.

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததிலிருந்து மதியம் வரை நான் ஆங்கிலத்தில் பேசுகிற ஒவ்வொரு வாக்கியமும் மனத்துக்குள் ஒருமுறை ஒத்திகை பார்க்கப்பட்டது. 'குட் மார்னிங்' உட்பட. யாராவது பதில் கேள்வி கேட்டுவிட்டால் அதற்கு ஒத்திகை இருக்காது, சிரித்து வைப்பேன். நான் சிரித்த முகம் உள்ளவன் என்று அங்கே ஒரு நல்ல பெயர் இருந்தது.

ஒரு மணிக்கு ஜன்னலோர மேசையில் கல்பனா டப்பாவைத் திறப்பாள். அதற்குப் பிறகு அரைமணி நேரம் ஒத்திகை கிடையாது.

"அரே முத்து, இன்னிக்கும் தயிர் சாதமா? பஸ் கர் நா ரே, போதும். பாக்குற எனக்கே சளி புடிக்குது."

"வேற செய்யத் தெரியலை."

"நீ பேசுறது ஏன் ரேடியோ நியூஸ் மாதிரி இருக்கு? கொஞ்சம் லூசா பேசு."

லூசாகப் பேசினால் என் ஊர் வந்துவிடும். வந்தது. மல்லாட்டை என்ற சொல்லைக் கேட்டு அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். அவர்கள் வீட்டில் அதற்கு ஷேங்தாணா. அவளுடைய அம்மா தமிழ்க் குழம்பிலும் அதைப் பொடித்துப் போடுமளவுக்குப் புனேக்காரியாகிவிட்டாள் என்றாள்.

அந்தக் கப், கிராம் பக்கத்துக்கு நிரல் எழுதியவள் கல்பனாதான். வேலை முடிந்து ஒப்படைக்கும்போது அவளே வெளிநாடு போய் அந்தக் கம்பெனியில் சில மாதம் இருக்க வேண்டும் என்று பேச்சு. "அப்பா பேக்டரி முழுக்கச் சொல்லிட்டாரு ரே," என்பாள். "நான் போகலைன்னா அவரு வேலய விட்டுட்டு வீட்ல உக்காந்துருவாரு."

குலுக்குகிறவனும் குலுக்காதவனும்

தெரிந்ததிலிருந்து தொடங்கலாம் என்று வேர்க்கடலையைத் தேர்ந்தெடுத்தேன். முழுசாக ஒரு கப் தட்டினேன். ஓர் எடை வந்தது. நறுக்கியது ஒரு கப். அதே எடை. பொடித்தது ஒரு கப். அதே எடைதான்.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த கொட்டைக்குப் போயிருப்பார்கள். எனக்கு விரல் நின்றுவிட்டது.

சின்ன வயதில் பார்த்த சண்டைகள் காரணமாக இருக்கலாம். கடலை உரித்துப் போடும் கூலிக்கு மரக்காலால் அளப்பார்கள். அளக்க வரும் ஆள் மரக்காலை ஒரு குலுக்குக் குலுக்குவான். கடலை உள்ளே இறங்கும். மேலே இன்னும் இரண்டு கை பிடிக்கும். உரித்த பெண்கள் கத்துவார்கள். அம்மாவின் குரல்தான் உரக்கக் கேட்கும். அளவுக்குள் ஆட்டம் இருக்கிறது என்பது எனக்குப் பள்ளிக்கூடம் சொல்லித் தருவதற்கு முன்பே தெரியும். கொட்டையை உடைத்தால் அது உட்காரும் விதம் மாறும். ஒரே கப், ஒரே எடை என்று எப்படி வரும்?

பாதாம், அக்ரூட், முந்திரி என்று எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதேதான். 'முழுசு, நறுக்கியது' என்று நாம் தேர்ந்தெடுப்பதை நிரல் கண்டுகொள்வதே இல்லை.

பயிற்சியில் சொல்லித் தந்தபடி செய்தேன். பிழை, எங்கள் பாஷையில் 'பக்', கண்டால் உடனே கணினிப் பதிவில் ஏற்ற வேண்டும்; வாய்மொழியாகச் சொல்லக் கூடாது. ஏற்றினேன். 'நறுக்கியதும் பொடித்ததும் முழுசைவிட அதிக எடை காட்ட வேண்டும்' என்று விளக்கமும் எழுதினேன். தீவிரம் என்ற இடத்தில் 'உயர்' என்று குறித்தேன்.

பயிற்சியில் சொல்லித் தராத ஒன்று இருந்தது. எங்கள் குழுவில் யாரும் அப்படிச் செய்வதில்லை. பிழை கண்டவன் முதலில் எழுந்துபோய், எழுதியவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று, காதோடு சொல்வான். அவர் சத்தமில்லாமல் திருத்திவிடுவார். பதிவுக்குப் போவதெல்லாம் திருத்த முடியாதவையும், பிடிக்காதவர்களுடையதும் மட்டும். இது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பதிவு ஏறியதும் தானாக மெயில் போகும். கல்பனாவுக்குப் போனது. தேஷ்பாண்டேவுக்கும் போனது. வெளிநாட்டுக் கம்பெனிக்கும் போனது.

அவள் என் மேசைக்கு வந்தாள்.

"என் சீட் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா ரே?"

"தெரியும்."

"அப்புறம்? எழுந்து வந்து ஒரு வார்த்த சொன்னா வாய் தேஞ்சிடுமா?"

"ரூல் அப்படித்தானே..."

"ரூல்!" என்றாள். அக்கம்பக்கத்துக்குக் கேட்காதபடி, தமிழிலேயே திட்டினாள். "சரி, இத சொல்லு. பாதாமை நறுக்குனா வெயிட் கொறையுமா, ஏறுமா?"

"ரெண்டும் ஆகாது. ஆனா கப்புல போட்டா..."

"ஆகாதில்ல? பஸ். அவ்ளோதான்."

மறுநாள் ஒரு மணிக்கு அவள் மராத்திப் பெண்கள் உட்காரும் மேசைக்குப் போனாள். நான் ஜன்னலோரத்தில் டப்பாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தேன்.

மாஸ் இஸ் மாஸ்

தேஷ்பாண்டே நல்ல மனிதர். ஆனால் ஒப்படைக்கும் நேரத்தில் வந்த பிழையை யாருக்குத்தான் பிடிக்கும்? எல்லாரையும் கூட்டினார். பலகையில் ஒரு வட்டம் வரைந்தார். அது பாதாம். அதைக் கோடு போட்டு நாலாக்கினார்.

"மாஸ் இஸ் மாஸ், பாய். எடை எடைதான். நீ வெட்டினாலும் அதுதான், அரைத்தாலும் அதுதான்."

எல்லாரும் பொறியியல் படித்தவர்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். பஞ்சு ஒரு கிலோ, இரும்பு ஒரு கிலோ என்ற பழைய ஜோக்கை ஒருவன் சொன்னான், சிரித்தார்கள். நான் எழுந்து நின்று, பாதாம் மாறவில்லை, பாதாமுக்கு நடுவிலிருக்கும் காலி இடம்தான் மாறுகிறது என்று சொல்ல முயன்றேன். ஒத்திகை பார்த்துத்தான் வந்திருந்தேன். பாதி வாக்கியத்தில் ஆங்கிலம் கைவிட்டது. 'காலி இடம், காலி இடம்' என்று இரண்டு முறை சொல்லிவிட்டு நின்றேன்.

வேறு வழியில்லாமல் கல்பனாவைப் பார்த்துத் தமிழில் கேட்டேன்: "உங்க வீட்ல ஷேங்தாணா பொடிப்பீங்களே, ஒரு கிண்ணம் கடலைய அரைச்சா அதே ஒரு கிண்ணம்தான் வருமா?"

"நான் எங்க ரே கிச்சன் பக்கம் போறேன்? போனாலும் தண்ணி குடிக்கத்தான்."

"என்ன பேசிக்கிறீர்கள்?" என்றார் தேஷ்பாண்டே.

அந்த அறையில் சமைக்கத் தெரிந்தவர் யாருமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெயிட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கப்பைப் பற்றி ஒருவருக்கும் தெரியவில்லை.

"சரி, சண்டை வேண்டாம். திங்கட்கிழமை நிறுத்துப் பார்ப்போம்," என்று முடித்தார் தேஷ்பாண்டே.

கல்பனா உடனே, "பொடி நான் வீட்லேருந்து அடிச்சுட்டு வரேன். இவன் அடிச்சா மிக்ஸி மேலயும் ஒரு பக் போடுவான்," என்றாள். மற்றவர்களுக்கு இந்தியில் மொழிபெயர்த்தும் சொன்னாள். அறை அதிர்ந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? முதலில் தமிழில்தான் கிண்டல் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை

ரவிவார் பேட்டில் உலர்பழக் கடைகள் வரிசையாக இருக்கும். பிளாஸ்டிக் கப்பை நீட்டி, "இதில் ஒரு கப் பாதாம், ஒரு கப் அக்ரூட்" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். கடைக்காரர் கப்பையும் என்னையும் பார்த்தார்.

"பாய்சாப், இது என்ன பாலா, கப்பில் ஊற்றித் தர? கால் கிலோவா, அரைக் கிலோவா, அதைச் சொல்லுங்கள்."

இரண்டிலும் அரை அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். அறைக்கு வந்ததும் கப் நிறையப் பாதாம் கொட்டினேன். தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. தராசு இல்லை, வேறென்ன செய்வது? சும்மா இருக்க முடியாமல் டம்ளரிலிருந்து அதில் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நிறைந்த கப் என்று நான் நினைத்ததற்குள் ஏறக்குறைய அரைக் கப் தண்ணீர் போனது.

ஊறிய பாதாமை வீணாக்க முடியாது. சாயங்காலம் முழுக்க ஜன்னலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலைப் பிதுக்கித் தின்றேன். வெள்ளை வெளேரென்று வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கீழே பிள்ளைகள் மராத்தியில் கத்திக்கொண்டு கிரிக்கெட் ஆடினார்கள். அன்று கடைக்காரரோடு பேசியதைத் தவிர யாரோடும் பேசவில்லை என்பது தூங்கப் போகும்போது நினைவுக்கு வந்தது.

பொடியின் பிடிவாதம்

திங்கட்கிழமை, பேன்ட்ரி மேசையில் தராசை வைத்தேன். குழு முழுக்கச் சுற்றி நின்றது.

முதலில் முழுப் பாதாம் ஒரு கப். தேஷ்பாண்டே எண்ணைப் படித்தார். அடுத்து கல்பனா கொண்டுவந்த பொடி. கரண்டியால் மெதுவாக அள்ளி நிரப்பி, கத்தியின் முதுகால் மேலே வழித்துவிட்டாள். அவளுடைய அம்மா மைதாவுக்கு அப்படித்தான் செய்வாளாம்.

எடை மாறியிருந்தது. ஆனால் நான் எழுதியதுபோல ஏறவில்லை. நன்றாகக் குறைந்திருந்தது.

"முத்து!" என்று கூவினாள். "உன் பக்குல பக்!"

எல்லாரும் கைதட்டினார்கள். என் காது சூடானது. காலி இடம் குறைந்தால் எடை கூடும் என்பது என் கணக்கு. பொடி அப்படி அடங்கி உட்காரவில்லை; பஞ்சு மாதிரி பொலபொலவென்று உப்பி, தனக்குள்ளேயே இடம் வைத்துக்கொண்டு நின்றது.

தேஷ்பாண்டே கப்பை எடுத்து மேசைமேல் நாலு தட்டுத் தட்டினார். பொடி சடசடவென்று இறங்கியது. மேலே இன்னும் கொஞ்சம் போட்டார். எடை ஏறியது. இன்னொருவன் விரலால் அமுக்கிப் போட்டான். மேலும் ஏறியது. அக்ரூட்டையும் பார்த்தோம், முழுப் பருப்பு வளைந்து நெளிந்து கப்பை அடைத்துக்கொண்டு குறைந்த எடை காட்டியது, அதையே உடைத்துப் போட்டதும் கூடியது. பாதாமில் நான் தோற்று, அக்ரூட்டில் ஜெயித்தேன்.

"அப்படியானால் நாம் எல்லாருமே தப்பு," என்றார் தேஷ்பாண்டே மெதுவாக. யாரும் சிரிக்கவில்லை. முதலில் வரைந்த பாதாம் பலகையில் அழிக்கப்படாமல் இருந்திருந்தால் அவரே போய் அழித்திருப்பார்.

அன்றே வெளிநாட்டுக்கு எழுதினார். ஒவ்வொரு வடிவத்துக்கும் தனித்தனி எடை அனுப்பச் சொன்னார். அனுப்பினார்கள். கண்டுபிடித்தவருக்கு நன்றி என்று என் பெயரைப் போட்டு எழுதியிருந்தார்கள். அந்த மெயிலில் கல்பனாவின் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வந்தது: திருத்த வேண்டியவர்.

மூடாத பிழை

அவள் வேகமாகத் திருத்திவிட்டாள். எங்கள் முறைப்படி, திருத்தியதும் அந்தப் பிழை மறுபடி என் பெயருக்கு வரும். நான் சோதித்துப் பார்த்து, மூட வேண்டும். நான் மூடினால்தான் அது முடிந்தது. வேறு யாரும் மூட முடியாது.

முதல் நாள் வேர்க்கடலை மட்டும் சோதித்தேன். சரியாக இருந்தது. சாயங்காலம் அவள் என் மேசைப் பக்கம் வந்தாள்.

"க்ளோஸ் பண்ணிட்டியா?"

"இன்னும் பாதாம் பாக்கணும்."

மறுநாள் பாதாம் பார்த்தேன். அவள் வந்தாள். "இன்னும் இல்லையா ரே?"

"அக்ரூட் இருக்கு. அதுல பாதிப் பருப்பு தனியா பாக்கணும்."

"நீ என்ன, ஒவ்வொண்ணா கடிச்சுப் பாக்குறியா?"

அதற்கு அடுத்த நாள் முந்திரி. பிறகு பிஸ்தா. பிறகு நான் பார்த்தே இராத பீக்கன், ஹேசல்நட். எல்லாம் சரியாக இருந்தன. சரியாக இருக்கும் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். அவள் ஒவ்வொரு நாளும் வந்தாள். ஒரு வாக்கியம், சில நாள் இரண்டு. எரிச்சலோடுதான் கேட்டாள். ஆனால் தமிழில் கேட்டாள். மதியம் ஜன்னலோர மேசையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, அந்தச் சாயங்கால வாக்கியத்துக்காக உட்கார்ந்திருப்பேன்.

ஒரு நாள் வந்தவள் உடனே போகவில்லை.

"முத்து, இது மூடினாத்தான் என் ஃப்ளைட் டிக்கெட்டு போடுவாங்க. அப்பா தினம் கேக்குறாரு. தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

மக்கடாமியா மீதி இருக்கிறது என்றேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். புரிந்ததா, புரியவில்லையா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

மக்கடாமியாவைத் தட்டினேன். முழுசு, நறுக்கியது, பொடித்தது. மூன்றுக்கும் மூன்று எடை. மிகச் சரியாக எழுதியிருந்தாள். மூடும் பொத்தானை அழுத்தினேன்.

தானாகப் போகும் மெயில் அவளுக்குப் போயிருக்க வேண்டும். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் தலை எழும்பியது. சிரித்தாள். நல்ல சிரிப்புதான், கோபம் எதுவும் மிச்சமில்லை.

"தேங்க் யூ ஸோ மச், முத்துக்குமார். ரியலி அப்ரிஷியேட் இட்," என்றாள், மற்ற எல்லாரிடமும் பேசுவதுபோல.

"பரவால்ல," என்றேன். அதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் போய்விட்டாள். அவளுடைய அப்பா தொழிற்சாலை முழுக்க இனிப்பு கொடுத்தாராம், யாரோ சொன்னார்கள். நான் ஜன்னலோர மேசையை விட்டுவிட்டு மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினேன். சில மாதங்களிலேயே என் ஆங்கிலம் நன்றாகத் தேறிவிட்டது.